துறைக்கும் துறைக்கும் நடுவில் உடைகிற செயற்கைக்கோள்: பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரியில் மாணவர் செயற்கைக்கோள் செய்வதென்று முடிவாகியிருந்தால், நுழைவாயிலுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். சிறு செயற்கைக்கோள்களைச் செய்வதிலும் சோதிப்பதிலும் மாணவர்களோடு உட்காரும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பணம் கேட்டு எழுதவில்லை. உங்கள் கையெழுத்து ஒன்றிலேயே நடந்துவிடக்கூடிய சில காரியங்களைக் கேட்டு எழுதுகிறோம்.

நம் ஊருக்கு இது புதிதில்லை. 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 கொண்டுபோன 40 கிலோ அனுசாட், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உருவானது. 2011 அக்டோபரில் 10.9 கிலோ எஸ்ஆர்எம்சாட் போனது. 2016 ஜூனில் 1.5 கிலோ சத்யபாமாசாட், 2017 ஜூனில் குமரி மாவட்டத்திலிருந்து 15 கிலோ நியுசாட், 2021 பிப்ரவரியில் கோவையிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் குட்டிக் கோள்கள் என்று வரிசை நீள்கிறது. பெங்களூரு, ஹைதராபாத் பக்கத்து ஏழு கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து ஒரு கிலோவுக்கும் குறைவான ஸ்டட்சாட்டை 2010 ஜூலையிலேயே அனுப்பிவிட்டன. ஆகவே நம் பிள்ளைகளால் முடியுமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. மேலே போனபின் அது பேசுமா என்பதுதான் மிச்சம். உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் அனுப்பிய கியூப்சாட் எனும் கனசதுரக் குட்டிக் கோள்களில் கணிசமானவை ராக்கெட்டிலிருந்து பிரிந்தபின் ஒரு 'பீப்' கூட அனுப்பாமல் போயிருக்கின்றன.

ஏன் அப்படி? தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் ஒவ்வொரு போர்டும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். மெக்கானிக்கல் துறையின் சட்டம் உறுதியாக இருக்கும், இசிஇயின் ரேடியோ மேசைமேல் அருமையாகப் பேசும், இஇஇயின் சார்ஜர் கணக்குப்படி ஏற்றும், சிஎஸ்இயின் புரோகிராம் லேப்டாப்பில் பிழையின்றி ஓடும். செயற்கைக்கோள் உடைவது இவற்றுக்கு நடுவில். அந்த நடு இடத்துக்கு உங்கள் கல்லூரியில் ஹெச்ஓடி கிடையாது, ஆய்வகம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. எங்கள் புகார் முழுவதும் இதுதான்.

ஆன்டெனாவையே எடுத்துக்கொள்வோம். 10 செ.மீ. கனசதுரத்துக்குள் அடங்கும் ஒரு கியூப்சாட்டுக்கு 437 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டுமானால் கால் அலைநீளம் 17 செ.மீ. சொச்சம் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டியைவிட ஆன்டெனா நீளம் என்பதால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். பெரும்பாலான அணிகள் பயன்படுத்துவது தச்சர் கையில் இருக்கும் அதே ஸ்டீல் அளவு டேப். மஞ்சள் பெயிண்டைச் சுரண்டி, ஃபிளக்ஸ் போட்டு சால்டர் பிடிக்கவைத்து, பெட்டியைச் சுற்றி வளைத்து, மெல்லிய நைலான் நூலால் கட்டிவிடுவார்கள். நூல் ஒரு நிக்ரோம் கம்பிமேல் படிந்திருக்கும். மேலே போனதும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து, சூடேறி, நூல் அறுந்து, டேப் 'படக்'கென்று நிமிர வேண்டும்.

இந்த ஒரு 'படக்'குக்குள் எத்தனை துறை இருக்கிறது பாருங்கள். கியூப்சாட் விதிமுறைப்படி, பிரிந்து 30 நிமிடம் ஆகும்வரை ஆன்டெனாவை விரிக்கக் கூடாது. அந்த 30 நிமிடத்தை எண்ணுவது சிஎஸ்இ மாணவர் எழுதிய கவுண்டர். எண்ணி முடித்ததும் நிக்ரோம் ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. ஏவுதளத்தில் பல வாரம் சும்மா கிடந்து சார்ஜ் இறங்கிய பேட்டரி, நிழலில் குளிர்ந்தும் போயிருக்கிறது; வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிறது. கவுண்டர் பூஜ்யத்திலிருந்து மறுபடி 30 நிமிடம் எண்ணத் தொடங்குகிறது. எண்ணி முடித்ததும் மறுபடி நிக்ரோம், மறுபடி ரீசெட். பேட்டரி சாகும்வரை இது நடக்கும். பேட்டரி கணக்கும் சரி, புரோகிராமும் சரி, நூலும் சரி. ஆனால் கோள் ஊமை.

இதற்கு மருந்து எளிது. 'முதல் காத்திருப்பு முடிந்தது', 'இத்தனை முறை முயன்றாயிற்று' என்ற இரண்டு குறிப்பையும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். பேட்டரி வோல்டேஜைப் பார்த்த பிறகே கம்பியைச் சூடேற்ற வேண்டும். வெவ்வேறு சுவிட்சில் இரண்டு கம்பி வைக்க வேண்டும். ஆன்டெனா விரிந்ததா என்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் வெயில் பக்கம் வந்ததும் மறுபடி முயல வேண்டும். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நான்கு துறைப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, குளிர்பெட்டிக்குள் வைத்த உண்மையான பேட்டரியோடு, உண்மையான நூலை ஐம்பது முறை அறுத்துப் பார்த்தால் போதும். நூலைக் கட்டிய அன்றே அறுத்துப் பார்ப்பதும் போதாது. நைலான் நாள்பட நெகிழும். ஏவுவதற்கு முன் மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கப்போகிற நூலை, சில வாரமாவது கட்டிவைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆன்டெனாவின் நீளத்தை வெட்டிச் சரிசெய்வதும் இசிஇ ஆய்வகத்தில் தனியாக முடிகிற வேலையில்லை. பெட்டியின் உலோக உடம்பும் அந்த ஆன்டெனாவில் ஒரு பாதி. உடம்பு மெக்கானிக்கல் பிளாக்கில் பூட்டிக் கிடந்தால், டியூனிங் என்று பெயருக்கு ஏதோ நடக்கும்.

இதே கதை ஒவ்வொரு சந்திலும் உண்டு. போர்டுகள் ஒன்றோடொன்று பேச ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பித் தடத்தைப் பெரும்பாலும் போடுகிறார்கள், மலிவு என்பதால். ஏதாவது ஒரு போர்டு பாதியில் தொங்கிப்போய் அந்தக் கம்பியைத் தரையோடு இழுத்துப் பிடித்துவிட்டால், மற்ற எல்லாப் போர்டுகளும் வாயடைத்து நிற்கும். கதிர்வீச்சு ஒரு சிப்பைத் தொட்டாலே இது நடக்கக்கூடும். ஒவ்வொரு போர்டுக்கும் தனி மின்சார சுவிட்ச், அளவுக்கு மேல் இழுத்தால் தானே துண்டிக்கும் வசதி, கம்ப்யூட்டர் உறைந்தால் உதைத்து எழுப்பும் வாட்ச்டாக், இவை மூன்றும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சுவிட்ச் இஇஇ போர்டில் இருக்கிறது, உறைவது சிஎஸ்இ போர்டில். யார் யாரைக் கேட்பது?

காந்தமானியும் இப்படித்தான். கோள் உருண்டுகொண்டே போகாமல் நிறுத்த, பூமியின் காந்தப்புலத்தை அளந்து, சுருள்களில் மின்சாரம் பாய்ச்சி எதிர்விசை கொடுக்கும் முறை உண்டு. மெக்கானிக்கல் மாணவர் கடையில் கிடைத்த காந்தம் ஒட்டுகிற ஸ்க்ரூவை முடுக்கிவிட்டாலோ, சோலார் செல் கம்பிகளை ஒரு பெரிய வளையமாக ஓட்டிவிட்டாலோ, காந்தமானி பூமியை அளக்காமல் தன் உடம்பையே அளக்கும். சுருள் ஓடும்போதே அளவெடுத்தாலும் அதே கேடுதான். பாதி நேரம் அளவு, பாதி நேரம் விசை என்று முறை வைக்க வேண்டும்.  

மின்சாரக் கணக்கை நிர்வாகமும் தெரிந்துகொள்வது நல்லது. 'இதில் ஒரு கேமரா வையுங்கள், அதில் ஒரு ஏஐ வையுங்கள், நம் கல்லூரிப் பாட்டையும் ஒலிபரப்புங்கள்' என்ற கட்டளைகள் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகின்றன. 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்று சுமார் 95 நிமிடம். அதில் 35 நிமிடம் வரை இருட்டு. உடம்போடு ஒட்டிய நல்ல மூன்றடுக்கு சோலார் செல்கள் இருந்தாலும், உருளும் ஒரு யூனிட் கோளுக்கு, அதாவது ஒரே ஒரு 10 செ.மீ. கனசதுரத்துக்கு, வெயிலில் சராசரி 2 வாட் என்று அடக்கமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரு சுற்றுக்கு 2 வாட்-மணி. சார்ஜ் ஏற்றி இறக்கும் இழப்பு போக 1.6. கம்ப்யூட்டரும் ரிசீவரும் எப்போதும் அரை வாட் இழுத்தால் 0.8 போயிற்று. ஒரு வாட் ஒலிபரப்ப டிரான்ஸ்மிட்டர் சுமார் 3 வாட் விழுங்கும்; பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பேசினாலும் 0.47 போயிற்று. மிச்சம் 0.3 வாட்-மணி. ஒரு வாட் கருவியை ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஓட்டலாம், அவ்வளவே. படம் எடுத்தாலும் இறக்க வேண்டுமே: 9600 பிட் வேகத்தில் எட்டு நிமிடக் கடப்பில் ஏட்டுக்கணக்காக 576 கிலோபைட் வரும். கையில் கிடைப்பது அதில் பாதி என்றால் சந்தோஷப்படலாம். ஒரே ஒரு உருப்படியான சென்சார், நம்பகமான ரேடியோ, முதல் கோளுக்கு இது போதும். இதை மாணவர் சொன்னால் 'இவ்வளவுதானா' என்று கேட்காதீர்கள்.

சரி, நாங்கள் கேட்பது என்ன?

முதலாவது மதிப்பெண். இறுதியாண்டு பிராஜெக்ட் குழு ஒரே துறைக்குள்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதனால் இசிஇ பிள்ளை பகலில் 'ஸ்மார்ட் டஸ்ட்பின்' என்று ஒரு பிராஜெக்ட் செய்துவிட்டு, இரவில் திருட்டுத்தனமாகச் செயற்கைக்கோள் வேலை பார்க்கிறது. நீங்கள் தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் அகாடமிக் கவுன்சிலில் ஒரு தீர்மானம் போட்டாலே இது தீரும்: நான்கு துறை மாணவர் ஒரே பிராஜெக்டாகப் பதியலாம், ஒரே அறிக்கை, கூட்டு வைவா. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகாரர்களுக்கு ஓபன் எலெக்டிவ் கிரெடிட்டாகக் கொடுங்கள். வழிநடத்தும் ஆசிரியருக்கும் வகுப்புச் சுமையில் அதைக் கழியுங்கள். ஐந்து தியரி பேப்பரும் எடுத்துக்கொண்டு மாலை நான்கரைக்கு மேல் செயற்கைக்கோள் செய் என்றால், அந்த ஆசிரியர் ஆறு மாதத்தில் நழுவிவிடுவார்; அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது காலம். வரைபடத்தில் தொடங்கி ஏவுவதற்கு ஒப்படைக்கும்வரை மூன்று ஆண்டு என்று வையுங்கள். அதில் பாதிக்குக் குறையாமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். பதினெட்டாம் மாதத்தில்தான் எல்லாப் போர்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றன என்றால் அந்தத் திட்டம் அப்போதே தோற்றுவிட்டது. ஆறாம் மாதத்திலேயே, வாங்கிய டெவலப்மென்ட் போர்டுகளாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரு மேசைமேல் பரப்பிக் கம்பியிட்டு இணைத்து ஓட விட வேண்டும். வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் இதற்கு ஃபிளாட்சாட் என்றுதான் பெயர். எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ், எந்தச் செய்தி எத்தனை பைட், யார் முதலில் பேசுவது என்பதெல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு வரி மாற வேண்டுமானாலும் இரண்டு துறைக் கையெழுத்து வேண்டும். கடைசியில், வயர் எதுவும் தொடாமல், பேட்டரியிலும் விளக்கொளியிலும் மட்டும் இரண்டு வாரம் ஓடவிட்டு, பக்கத்து பிளாக்கிலிருந்து ரேடியோ வழியாக மட்டுமே இயக்கிப் பாருங்கள். ஏவிய பின் கையால் ரீசெட் பட்டன் அழுத்த யாரும் போக முடியாதல்லவா, அதற்கான ஒத்திகை இது.

அதிர்வுச் சோதனையும் வெற்றிட வெப்பச் சோதனையும் வெளியிடத்தில் நடக்கும். நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், ஒருமுறை தோற்றால் மறுமுறைக்கும் பணம் கட்ட வேண்டும். அங்கே கழலுவது பெரும்பாலும் சில்லறைச் சாமான்: ஸ்பிரிங் சாக்கெட்டில் சொருகிய மெமரி கார்டு, பசை வைக்காத கனமான காயில், கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போடாத ஸ்க்ரூ. ஹாட் குளூவை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். பிவிசி வயருக்குப் பதில் டெஃப்லான் வயர். வெற்றிடத்தில் ஆவியாகி லென்ஸ்மேல் படியும் பொருள்கள் உண்டு. மொத்த எடையிழப்பு 1 சதவீதத்துக்கும், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்பது ஊரறிந்த வரம்பு.

பர்ச்சேஸ் பிரிவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூன்று கொட்டேஷன், அதில் விலை குறைந்தது என்ற விதி நாற்காலிக்குப் பொருந்தும். மைக்ரோகன்ட்ரோலருக்குப் பொருந்தாது, குறைந்த விலையில் வருவது போலியாக இருக்கக்கூடும். சோலார் செல் வெளிநாட்டிலிருந்து வர மாதங்கள் பிடிக்கும். மார்ச் 31க்குள் செலவழியாத பணம் திரும்பிப்போகும் ஏற்பாடு இருந்தால், அந்தத் தலைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எதையும் இரண்டு செட் வாங்குங்கள். 2022 ஆகஸ்டில் இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம் தவறி, அரசுப் பள்ளி மாணவியர் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட் வீணானது. 2023 பிப்ரவரியில் அடுத்த எஸ்எஸ்எல்வியிலேயே ஆசாதிசாட்-2 போய்ச் சேர்ந்தது. ராக்கெட் தவறுவது யார் கையிலும் இல்லை. மறுபடி செய்ய உதிரியும் வரைபடமும் கையில் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது கைமாற்றம். ஏப்ரலில் இறுதியாண்டு வெளியேறும்போது புரோகிராம் அவர்கள் லேப்டாப்பிலேயே வெளியேறிவிடுகிறது. எழுதிய புரோகிராம் எல்லாம் கல்லூரிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது பாதிதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு தேர்வு வையுங்கள்: இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், சீனியரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து, புரோகிராமைத் தொகுத்துப் போர்டில் ஏற்றி ஓடவைக்க வேண்டும். முடியாவிட்டால் குறிப்பு ஃபெயில். மாணவர் ஃபெயில் இல்லை.

அனுமதி வேலையைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அது சட்டென்று முடியாது. விண்ணில் செலுத்த, விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அங்கீகாரம் வேண்டும். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை ஒதுக்கும் பிரிவான டபிள்யூபிசி வழியாகப் போக வேண்டும். அமெச்சூர் அலைவரிசை என்றால் சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் ஒருங்கிணைப்பும் வேண்டும், அதில் ரகசியக் குறியீடோ வணிகமோ கூடாது. இவை கடைசி ஆறு மாதத்து வேலையில்லை. வடிவமைப்பு முடிவான வாரமே கடிதம் கிளம்ப வேண்டும். அதற்குள் பத்து மாணவர்களாவது ஹாம் எனும் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிடட்டும், கல்லூரிக்கு ஒரு கிளப் உரிமமும் எடுங்கள்.

முதல் முயற்சிக்குத் தனிக் கோளே வேண்டும் என்றும் இல்லை. பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கை வேலை முடிந்தபின் மேடையாகப் பயன்படுத்தும் போயம் ஏற்பாட்டில் கருவியை மட்டும் பொருத்தி அனுப்பலாம். 2024 ஜனவரி 1 அன்று சென்ற போயம்-3இல் திருவனந்தபுரத்துப் பெண்கள் பொறியியல் கல்லூரி ஒன்றின் வீசாட் இருந்தது. மின்சாரமும் திசைநிலைப்பும் மேடையே கொடுக்கும். மாணவர் தங்கள் கருவியில் கவனம் வைக்கலாம். கௌரவக் குறைவு என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. ஊமையாகச் சுற்றும் சொந்தக் கோளைவிட இது எவ்வளவோ மேல்.

எதைச் செய்தாலும் தரைநிலையத்தை முதலாம் ஆண்டிலேயே கட்டுங்கள். மொட்டைமாடியில் ஒரு குறுக்கு யாகி ஆன்டெனா, அதன் அடியிலேயே ஒரு ஆம்ப்ளிஃபையர், திருப்பும் மோட்டார், கீழே மென்பொருளால் இயங்கும் ஒரு எஸ்டிஆர் ரிசீவர். சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். 437 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் கோள் நெருங்கி விலகுவதில் அலைவரிசை மேலும் கீழும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். அதைத் துரத்தப் பழகுவதற்கே ஒரு செமஸ்டர் ஆகும்.

இங்கேதான் கடைசிக் கோரிக்கை. ஓர் இடத்தை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் சூரிய ஒத்திசைவுப் பாதை, அதுவும் காலை ஒன்பதரையை ஒட்டியது என்றால், கோள் நம் தலைக்குமேல் வருவது காலை எட்டு முதல் பதினொன்றுக்குள் இரண்டொரு முறை, இரவு எட்டு முதல் பதினொன்றுக்குள் இரண்டொரு முறை. காலையில் வகுப்பு. இரவில் மொட்டைமாடிச் சாவி வாட்ச்மேனிடம், மாணவியர் விடுதிக் கதவோ ஆறரைக்கே பூட்டு. ரேடியோவின் புரோகிராமை எழுதியவர் மாணவியாக இருந்தால், அவள் செய்த கோள் அவள் தலைக்குமேல் போகும்போது அவள் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருப்பாள். தரைநிலையத்தைத் தரைத்தளத்து அறைக்குக் கேபிள் இறக்கிக் கொண்டுவாருங்கள். இரவுப் பணிப் பட்டியலில் மாணவியர் பெயரையும் சேருங்கள். ஒரு ஆசிரியை, ஒரு வாட்ச்மேன், விடுதிவரை ஒரு வண்டி, வார்டனுக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான், இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
சிறு செயற்கைக்கோள் வேலையில் இருக்கும் பொறியாளர்களும் ஆசிரியர்களும்